மூளை சயின்ஸ் சொல்லித் தர்ற நாவல் கோர்ஸ்: 6 வாரம் முடிச்சிட்டு எழுதுறேன்

கோர்ஸ் பேரு வேணாம், கொஞ்சம் திட்டப் போறேன் அதனால. ஆன்லைன்ல 6 வாரம், எல்லாமே ரெக்கார்ட் பண்ண வீடியோ. என் நாவல் பதினாலாவது அத்தியாயத்துல நாலு மாசமா நகராம கெடந்துச்சு, அந்தக் கடுப்புல சேந்துட்டேன்.

முதல் வாரமே எரிச்சல். இடது மூளை லாஜிக், வலது மூளை கற்பனை, நீங்க எந்த ஆளுன்னு ஒரு குவிஸ் வேற. மூளை ஆராய்ச்சியாளர் ரோஜர் ஸ்பெர்ரி 1981ல நோபல் வாங்குனாரே, அவர் பாத்தது ரெண்டு பாதிக்கும் நடுவுல இருக்கற நரம்புப் பாலத்தையே ஆபரேஷன்ல வெட்டுன நோயாளிங்களை, அந்தப் பாலம் முழுசா இருக்கற நம்மள எதுக்கு ரெண்டு கட்சியா பிரிக்கணும்? 2013ல யூட்டா பல்கலைக்கழகத்துல ஆயிரம் பேருக்கு மேல ஸ்கேன் பாத்தும் அப்படி ஒரு பக்கத்து ஆளுங்கன்னு யாரும் தேறல. இதை மெயில்ல கேட்டேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு ஆட்டோ ரிப்ளை.

ரெண்டாவது வாரம் சுமார். மூணாவதுதான் விஷயமே. ஜாஸ் பியானோ வாசிக்கிறவங்களை ஸ்கேனர்க்குள்ள படுக்க வச்சு சார்ல்ஸ் லிம்ப் 2008ல பண்ண ஆராய்ச்சிய சொன்னாங்க, மனப்பாடமா வாசிக்கிறப்போ இல்லாம அந்த நேரத்துல தோணுறத வாசிக்கிறப்போ, நம்மள நாமளே கண்காணிக்கிற முன்மூளைப் பகுதி அடங்கிப் போகுதாம். சரி அதுக்கு நாம என்ன பண்றது? பேக்ஸ்பேஸ் கீ மேல டேப் ஒட்டிட்டு இருபது நிமிஷம் எழுதுங்கன்னாங்க. சின்னப்புள்ளத்தனமா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேதான் ஒட்டுனேன், முதல் நாள் விரல் நூறு தடவ போய் அந்த டேப்ல முட்டியிருக்கும், கடுப்பாகி கண்டதையும் அடிச்சு வச்சேன். மறுநாள் படிச்சா முக்காவாசி குப்பை. நடுவுல ஒரு வரி, "அவ அந்தக் கடுதாசியப் பிரிக்கவே இல்ல". நாலு மாசமா அவ படிச்சிட்டான்னு வச்சுக்கிட்டுல்ல மல்லுக்கட்டிட்டு இருந்தேன்! அன்னைக்கே பதினாலு முடிஞ்சுது.

அஞ்சாவது வாரம் நடைப்பயிற்சி. நடந்தா ஐடியா கூடுதுன்னு ஸ்டான்ஃபோர்ட்ல 2014ல வந்த ஆராய்ச்சி நெசம்தான், ஆனா அதுல முக்கியமா அளந்தது ஒரு சாதாரண பொருளோட பேரச் சொல்லி இத வேற எதுக்கெல்லாம் யூஸ் பண்ணலாம்னு கேட்டு வந்த பதில்களை. முந்நூறு பக்க நாவல்ல எனக்கு ஐடியாவா பஞ்சம், இருக்கறதுல எதத் தூக்கிப் போடுறதுன்னுதான தெரியல. அதப் பத்தி மூச்சே விடல. கடைசில என் அத்தியாயத்துக்கு வந்த ஃபீட்பேக்கும் எல்லாருக்கும் போற ரெடிமேட் கமெண்ட், வேற யாரோட ஹீரோ பேரோ அதுல இருந்துச்சு.

அஞ்சுக்கு ரெண்டரை, அதுவும் மூணாவது வாரத்துக்கு மட்டும். இப்ப பதினேழுல இருக்கேன். டேப்ப இன்னும் எடுக்கல, ரிவ்யூல பிழை இருந்தா கண்டுக்காதீங்க.