மறுவாழ்வு மையமா, வீடா? கழிப்பறைதான் முடிவு செய்தது

அப்பாவுக்கு 78 வயதில் இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு பத்து நாள் ஒரு மறுவாழ்வு மையம், மிச்சக் காலம் வீடு என்று இரண்டையும் பார்த்துவிட்டோம். இன்னொரு முறை என்றால் நேரே வீட்டுக்குத்தான் கூட்டிவருவேன்.

மையத்தின் வசதியைக் குறை சொல்ல முடியாது. ஏற்றி இறக்கும் கட்டில், கைப்பிடிக் கம்பிகள், தினமும் பிசியோதெரபிஸ்ட், கூப்பிட்டால் நர்ஸ். வீட்டில் இவற்றையெல்லாம் நாமே தேடிச் சேர்க்க வேண்டும். பராமரிப்பாளர் சொல்லாமல் நின்றுவிட்டால் அன்றைய பாடு நம்முடையது.

தராசு சாய்ந்தது டயப்பரில். மையத்தில் இரவுப் பணிக்கு ஒரே ஆள். மணி அடித்து அவர் வருவதற்குள் அவசரம் முடிந்துவிடும். இரண்டாம் நாளே டயப்பர் போட்டார்கள். பகலிலும் அதுவே நீடித்தது. ஆரோக்கியமான முதியவர்களே பத்து நாள் படுத்திருந்தால் கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்துவிடும். அரை மணி நேரப் பயிற்சியில் சேர்ந்ததை மீதி நேரப் படுக்கை தின்றுகொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் முதுகடியில் ஒரு சிவப்பு தெரிந்தது. விரலால் அழுத்தி எடுத்தேன், வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் தொடக்கம் அது.

வீட்டில் டயப்பரை எடுத்துவிட்டோம். கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் பதினான்கு அடி, வாக்கரோடு நாளுக்கு ஆறேழு முறை. அதைவிடப் பெரிய உடற்பயிற்சி வேறு இல்லை. பராமரிப்பாளரிடம் நான் வைத்த ஒரே நிபந்தனை, "தூக்கிவிடாதீர்கள், அவரே எழட்டும்." வாக்கரைப் பிடித்து இழுக்காமல் கட்டிலில் கை ஊன்றி எழுவதற்கு முதல் வாரம் இரண்டு நிமிடம் ஆனது. பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதுதான் கடினமான பணிவிடை.

மையத்தில் மாலையானால் அப்பாவுக்கு வந்த மனக்குழப்பம் வீட்டில் மூன்றே நாளில் தெளிந்தது. பழகிய இடம் என்பதாலா, கண்ணாடியும் காதுக்கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததாலா, தானாகத் தீர வேண்டிய நேரம் வந்ததாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பக்கவாதம், இதய அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு எங்கள் அனுபவம் பொருந்தும் என்றும் சொல்லமாட்டேன். கழிப்பறைக்குப் படியேற வேண்டிய வீடு, துணைக்கு ஒருவர்கூட இல்லாத வீடு என்றால் மையமே மேல்.

சம்பளத்துக்கு ஒருவரைத்தான் வைக்க முடியும் என்றால் இரவுக்கு வையுங்கள். அப்பா விழப்பார்த்த இரண்டு முறையும் விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான்.