நண்டு மெஸ்: ருசிக்கு அஞ்சு, சமையலறைக்கு நாலரை, சூப்புக்கு முட்டை

முதலில் பில்லைச் சொல்லிவிடுகிறேன். நண்டு மசாலா, சோறு, ரசம், மோர் எல்லாம் சேர்த்து 380 ரூபாய். தட்டில் ரெண்டு முழு நீலக்கால் நண்டு. சோறு கேட்கக் கேட்க வரும், மசாலா வராது. ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், காரங்காடு அலையாத்திக் காட்டுக்குப் பிரிவதற்கு முன்னால் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கொட்டகை, அஞ்சாறு மேசை, வாசலில் நாலைந்து லாரி. லாரி நிற்கிற சாப்பாட்டுக் கடையை நம்பலாம் என்பது என் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. இந்தச் சாலையில் டாக்டர்களைவிட மெஸ்காரர்கள்தான் எனக்கு அதிகப் பழக்கம்.

ருசியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது அப்படியே நன்றாக இருக்கிறது. சின்ன வெங்காயம், மிளகு, சோம்பு, கொஞ்சம் தேங்காய். தக்காளி பேருக்குத்தான். இறக்கும்போது யாழ்ப்பாணத்துக்காரர்களைப் போல ஒரு பிடி முருங்கையிலை போடுகிறார்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கைதானே. ஓட்டை உடைத்தால் சதை முழுசாக, வெள்ளையாக, நார் நாராக வருகிறது. காலும் கொடுக்கும் உடம்போடு ஒட்டியே இருக்கின்றன. இந்தக் கடைசி விஷயம்தான் என்னை எழுந்து போய் சமையலறையை எட்டிப் பார்க்க வைத்தது.

ஏனென்றால் பெரும்பாலான கடைகளில் நண்டு தட்டுக்கு வரும்போது கால் தனி, உடம்பு தனியாகத்தான் வரும். வலையிலிருந்து பிய்த்து எடுக்கும்போதே கொஞ்சம் போய்விடும். மிச்சம் கொதிக்கிற தண்ணீரில் உயிரோடு போடும்போது போகும். ஆபத்து என்றால் நண்டு தன் காலைத் தானே கழற்றிவிடும். பல்லி வாலைப் போடுகிற அதே வேலைதான். சட்டியில் விழுந்த நண்டு காலை உதறினால் அது அங்கே என்ன பட்டது என்பதற்கு ஓர் அடையாளம். கால் போன துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய், சதை சவசவ என்று ஆகிவிடும் என்பது சமையல்காரருக்கு வருகிற நட்டம்.

இந்த மெஸ்ஸில் சமைப்பது ஓர் அக்கா. கடற்கரைக் குடும்பம், வீட்டுக்காரர் நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறவர். சாயங்காலம் வலை விட்டு, விடியலில் இழுத்து வருவதை ஈரச் சாக்குப் போட்டு மூடி நேராக இங்கே கொண்டுவருகிறார். "உள்ள வந்து பாக்கலாமாக்கா?" என்றேன். "பாருங்க, என்ன புதையலா இருக்கு" என்றார்.

ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் பாதிக்குத் தட்டிய ஐஸ். அதன் மேல் கடல் தண்ணீரை ஊற்றிக் கூழாக்கி வைத்திருந்தார். நண்டு அதற்குள் போகிறது. இருபது நிமிஷம் போல விடுகிறார். எடுத்ததும் கண்ணை விரலால் தொட்டுப் பார்க்கிறார். கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டால் திரும்பத் தொட்டிக்கு. அசையாமல் இருந்தால் மல்லாக்கப் போட்டு, வயிற்று மடலைத் தூக்கி, அதன் அடியில் குத்தூசியால் ஒரு குத்து. முன்பக்கம் கண்ணுக்கு நடுவே இன்னொரு குத்து. அவ்வளவுதான். பிறகுதான் ஓட்டைக் கழற்றிக் கழுவுகிறார். கழுவியது நேராகச் சட்டிக்குப் போகிறது, அடுக்கி வைப்பதில்லை.

ஐஸ் பழக்கம் ஏற்கெனவே இருந்ததாம். ரெண்டு குத்து வித்தையைச் சொல்லிக்கொடுத்தது தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்த ஒரு பையன், இங்கே சாப்பிட வந்தவன். நண்டுக்கு நம்மைப் போல் தலைக்குள் ஒரே மூளை இல்லை. நரம்பு முடிச்சு முன்னால் ஒன்று, உடம்புக்கு நடுவே பெரிதாக இன்னொன்று என்று பிரிந்து கிடக்கிறது. அதனால் ஒரு இடத்தில் மட்டும் குத்தினால் வேலை பாதிதான் முடியும். "நடு வயித்துல வெட்டுனாலும் பாதி நண்டு ஓடிக்கிட்டேதான் இருக்கும், பாத்துருக்கீகளா?" என்று அக்கா கேட்டார். பார்த்திருக்கிறேன். எல்லாச் சந்தையிலும் பார்க்கலாம், யாரும் நின்று பார்ப்பதில்லை.

இதெல்லாம் அதிகப்படி என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நண்டுக்கு வலிக்காது, அது வெறும் அனிச்சைத் துடிப்பு என்று நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்வுட் கரை நண்டுகளுக்கு ரெண்டு இருட்டுப் பொந்துகளைக் காட்டினார். ஒன்றில் போனால் மின்சார அதிர்ச்சி. நண்டு இயல்பாக இருட்டைத்தான் தேடும். ஆனாலும் ஒன்றிரண்டு தடவை பட்டதும் அந்தப் பொந்தை விட்டு மற்றதற்குப் போகப் பழகிக்கொண்டது. வெறும் துடிப்பாக இருந்தால் அனுபவத்திலிருந்து வழியை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. பிறகு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஒரு குழு 300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்து 2021இல் அறிக்கை கொடுத்தது. அதன் பேரில் 2022இல் பிரிட்டன் நண்டு, இறால், கணவாய் வகைகளை உணர்வுள்ள உயிர்கள் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சட்டம் உயிரோடு வேகவைப்பதை நேரடியாகத் தடுக்கவில்லை, கொள்கை வகுக்கும்போது அவற்றின் நலனையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. சுவிட்சர்லாந்து ஒரு படி மேலே போய், 2018லேயே சிங்கி இறாலை மயக்காமல் கொதிநீரில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டது.

நம் ஊரில் என்ன என்றால், 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் மனிதனைத் தவிர எல்லா உயிரையும் 'விலங்கு' என்றுதான் வரையறுக்கிறது. நண்டும் அதற்குள் வந்துவிடுகிறது. உணவுக்காகக் கொல்வதை அது விலக்கி வைக்கிறது, ஆனால் தேவையில்லாத வேதனை கொடுக்காமல் கொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. நண்டு வெந்ததற்காக நம் ஊரில் ஒருவர் மேல் வழக்குப் போட்டால் நீதிமன்றமே சிரிக்கும் என்பது வேறு விஷயம்.

ஐஸும் முழுத் தீர்வு இல்லை. குளிரில் மரத்துப்போவதும் வலி தெரியாமல் போவதும் ஒன்றா என்பதில் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் இன்னும் சண்டை. மின்சாரம் பாய்ச்சி ஒரு நொடியில் மயக்குகிற இயந்திரம்தான் நல்லது என்கிறார்கள். தகரக் கொட்டகை மெஸ்ஸில் அதை எங்கே வைப்பது? ஐஸ், அதன் பிறகு ரெண்டு குத்து என்பது அக்காவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிற நல்ல வழி. அதற்குத்தான் நாலரை. நல்ல தண்ணீரில் முக்கி வைத்துச் சாகடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது மென்மையான முறை மாதிரித் தெரியும். உப்புத் தண்ணீர் உயிரை அப்படி முக்கினால் அது மெதுவாகத்தான் சாகும்.

முன்னாலேயே செத்த நண்டை வாங்கினால் இந்தப் பாவமே இல்லையே என்று என்னோடு வந்த சக பிரதிநிதி கேட்டான். செத்த நண்டின் வயிற்றுச் சுரப்பி தன் சதையையே கரைக்கத் தொடங்கிவிடும். வெயில் ஏறும் முன் கூழாகிவிடும், வயிற்றுக்கும் ஆகாது. நண்டு சாப்பிடுகிறவன் கொலையை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. சட்டிக்குப் பத்தடி தூரத்தில்தான் அது நடந்தாக வேண்டும். கோழி சாப்பிடுகிறவனுக்குக் கிடைக்கிற மறதி நமக்குக் கிடையாது.

இன்னொன்றுக்காகவும் இந்தக் கடையைப் பாராட்ட வேண்டும். வெளிச்சினை நண்டு இங்கே கிடைக்காது. மடலுக்கு அடியில் பஞ்சு மாதிரி முட்டைக் கொத்தோடு வருகிற பெட்டை நண்டைத்தான் சொல்கிறேன். கொத்து முதலில் மஞ்சளாக, ஆரஞ்சாக இருக்கும், பிறகு பழுப்பாகி, பொரிக்கும் தறுவாயில் கறுத்துவிடும். ஒரு நண்டில் லட்சக்கணக்கில் முட்டை, பெரியதாக இருந்தால் பத்து லட்சத்தையும் தாண்டும். அப்படிப்பட்ட நண்டை வீட்டுக்காரர் வலையிலிருந்தே கழற்றிக் கடலில் விட்டுவிடுகிறார். தாய்லாந்துக் கரையில் இப்படிப்பட்ட நண்டுகளைத் தொட்டியில் வைத்து, பொரித்த பிறகு குஞ்சுகளைக் கடலில் விடுகிற 'நண்டு வங்கி'களே இருக்கின்றன. இங்கே வங்கி இல்லை, ஒரு மனிதரின் பிடிவாதம்தான்.

ஆனால் ஓட்டுக்குள் இருக்கிற ஆரஞ்சுச் சினை தட்டில் வருகிறது, நானும் விரலால் வழித்துத் தின்றேன். அதுவும் முட்டைதானே என்று கேட்டேன். "உள்ள இருக்குறது எப்ப வெளிய வருமோ, யாரு கண்டா. வெளிய இருக்குறது நாளான்னைக்குப் பொரிக்கப் போகுது. அதக் கெடுக்கலாமா?" என்றார் அக்கா. கணக்கு முழுசாக நேர் வராது என்று அவருக்கும் தெரியும். எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டியிருக்கிறது, அவர் போட்ட இடம் அது.

இனி சூப்பு. பட்டியலில் முதலில் எழுதியிருக்கும், 60 ரூபாய், மிளகு தூக்கலாக நன்றாகவே இருக்கும். ஆனால் கிண்ணத்தின் அடியில் கிடக்கிற நண்டைப் பார்த்தீர்களா? உள்ளங்கைக்குப் பாதிகூட வராத குஞ்சு. ஒரு தடவைகூடச் சினை வைத்திருக்காது. பெட்டை நண்டைக் கடலுக்கு அனுப்பிவிட்டு அதன் பிள்ளையைச் சூப்பு வைத்தால் என்ன நியாயம்? கேட்டதற்கு, அது வீட்டுக்காரர் கொண்டுவருவது இல்லையாம், விசைப்படகு வலையில் ஒதுக்கியதாகக் கரையில் கிலோ கணக்கில் மலிவாக விற்கிறார்களாம். "கரைக்கு வந்தாச்சுதானே, நா வாங்கலன்னா கருவாட்டுக்குப் போகும், இல்ல கோழித் தீவனத்துக்கு." அது உண்மைதான். அந்த மலிவுதான் அடுத்த நாளும் அதை வலையிலிருந்து உதறிக் கடலில் போடாமல் கரைக்குக் கொண்டுவர வைக்கிறது என்பதும் உண்மை. வாங்குகிற கை இருக்கிற வரை வலையின் கண்ணி பெரிதாகாது. இந்த மெஸ்ஸில் சூப்பு கேட்காதீர்கள். நண்டு ரசம் கேளுங்கள், அது மசாலாவுக்கு உடைத்த நண்டின் ஓட்டிலும் காலிலும் வைப்பது. நான் தஞ்சாவூர்ப் பக்கம், சளி பிடித்தால் வயல் நண்டை இடித்து ரசம் வைக்கிற வீட்டில் வளர்ந்தவன். என் நாக்கு ரசத்துக்கே ஓட்டுப் போடும்.

களி நண்டு, அதாவது சேற்று நண்டு, வேண்டுமென்றால் முதல் நாளே போன் பண்ணிச் சொல்ல வேண்டும். கொடுக்கைக் கட்டியபடியே வரும், எடைக்குத்தான் விலை. ஈரம் இருந்தால் அது கரையில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால்தான் கூடையில் அடைத்துச் சிங்கப்பூர் வரை அனுப்புகிறார்கள். சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் கண்ணாடித் தொட்டிக்குள் கட்டுப்போட்ட களி நண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்ததையும், பக்கத்தில் குழந்தைகள் செல்ஃபி எடுத்ததையும் பார்த்தபின் எனக்கு அந்த வகையில் கொஞ்சம் தயக்கம் உண்டு. இங்கே காலையில் வந்ததை மதியத்துக்குள் முடித்துவிடுகிறார்கள், அந்த வகையில் பரவாயில்லை. வாங்கும்போது அடிப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் ஓடு கழற்றிய தண்ணி நண்டு, சதை இருக்காது.

மற்றபடி: கை கழுவுகிற இடத்தில் சோப்பு இல்லை, எலுமிச்சைத் தோல் வைத்திருக்கிறார்கள், அதுவே போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்திலும் கடை உண்டு, நாட்டுப்படகு போகும். காற்று வீசுகிற நாளில் நண்டு இருக்காது. இல்லை என்றால் இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள், பிரிட்ஜில் இருந்து எடுத்து ஏமாற்ற மாட்டார்கள். ரெண்டரைக்கு மேல் போனால் காரல் மீன் குழம்புதான். ஜிபே உண்டு, சிக்னல்தான் கிடையாது. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.