நத்தார் (கிறிஸ்மஸ்) ஏன் டிசம்பர் 25ஆம் திகதி? சூரியனா, கணக்கா?

மழை கொஞ்சம் விட்ட பின்னேரங்களில், திருகோணமலை டச்பே கடற்கரையில், எனக்கும் மச்சானுக்கும் வருடா வருடம் இந்தச் சண்டை வரும். "அது ரோமாக்காரன்ர சூரியப் பண்டிகை. சபை பெயரை மட்டும் மாத்திப்போட்டுது" என்பது அவன் கட்சி. வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் இதுதான். என் கட்சி கணக்கு: மார்ச் 25இல் கருவான இயேசு ஒன்பது மாதம் கழித்து டிசம்பர் 25இல் பிறப்பார்.

பைபிளில் திகதி கிடையாது. அதில் இருவருக்கும் சண்டை இல்லை. 200ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியா கிளெமெந்து என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், பிறந்த நாளைப் பற்றிப் பலர் சொன்னதைத் தொகுக்கிறார். மே 20கூட அதில் வருகிறது, டிசம்பர் 25 வரவில்லை. அந்த நாள் உறுதியாகத் தென்படுவது 354இல் ரோமில் தொகுத்த ஒரு நாட்குறிப்பில். அதற்குள் அந்த நாளைக் குறிக்கும் பட்டியல் 336ஐச் சேர்ந்தது.

மச்சானின் பெரிய ஆயுதமும் அதே நாட்குறிப்புத்தான். அதன் இன்னொரு பக்கத்தில், அதே டிசம்பர் 25க்கு நேரே 'வெல்லப்படாதவனின் நத்தாலிஸ்', 30 தேரோட்டப் பந்தயங்கள் என்று இருக்கிறது. வெல்லப்படாதவன் என்றால் சூரியன். நத்தாலிஸ் என்றால் பிறந்தநாள். அந்த லத்தீன் சொல் போர்த்துக்கீசரின் வாயில் 'நத்தால்' ஆகி, நம்மிடம் வந்து நத்தார் ஆனது. ஆக, சூரியனின் பிறந்தநாளுக்கு ரோமன் எழுதிய சொல்லைத்தான் நாங்கள் வாழ்த்து அட்டையில் எழுதுகிறோம். இந்த இடத்தில் மச்சானை அடக்க முடியாது.

ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் அவன் பக்கம் ஓட்டைகள் உண்டு. ரோமப் பேரரசன் அவுரேலியன் சூரியனுக்குக் கோயில் எடுத்தது 274இல். அது டிசம்பர் 25இல் திறக்கப்பட்டது என்பது பிற்கால ஊகம். 354க்கு முந்தி அந்த நாளில் சூரிய விழா நடந்ததற்கு எழுத்துச் சான்று இல்லை. அதே நாட்குறிப்பில் அக்டோபர் 22இல் சூரியனுக்கு 36 பந்தயங்கள் இருக்கின்றன. பெரிய விழா அதுதானே? சூரிய விழாவுக்காகவே திகதியை மாற்றினார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லும் குறிப்பு, 12ஆம் நூற்றாண்டுச் சிரியாக் மொழி எழுத்தாளர் ஒருவரின் ஏட்டு ஓரத்தில் எழுதப்பட்டது. எண்ணூறு வருடம் பிந்திய சாட்சி. சட்டர்னாலியா என்ற ரோம விழாதான் காரணம் என்று சிலர் சொல்வது இன்னும் பலவீனம்; அது டிசம்பர் 17இல் தொடங்கி 23இல் முடிந்துவிடும்.

சரி, என் கட்சிக்கு வருவோம். 200ஆம் ஆண்டையொட்டி எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், இயேசு சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்கிறார். அவுரேலியனின் கோயிலுக்கு இது பல பத்தாண்டுகள் முந்தியது. பிறகு, கருவான நாளும் இறந்த நாளும் ஒன்றே என்ற நம்பிக்கை வருகிறது. ஆயர் அகுஸ்தீன் அதை நேராகவே எழுதி, பிறப்பை டிசம்பர் 25இல் வைக்கிறார். கிழக்கில் சிலர் இறப்பை ஏப்ரல் 6 என்று கொண்டார்கள். ஒன்பது மாதம் கூட்டினால் ஜனவரி 6. ஆர்மீனியர் இன்றும் அன்றைக்குத்தான் கொண்டாடுகிறார்கள். சூரிய விழாவை வைத்து இந்த ஜனவரி 6ஐ விளக்குவது கடினம். எனக்குப் பிடித்த சான்று இதுதான்.

பலவீனமும் சொல்லவேண்டும். அகுஸ்தீன் எழுதும்போது விழா ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. கணக்குப் போட்டு நாளைக் கண்டார்களா, நாளை வைத்துக்கொண்டு கணக்கை எழுதினார்களா என்று மச்சான் கேட்டால் நான் கொஞ்சம் தடுமாறுவேன். அதைவிட, மார்ச் 25 ரோம நாட்காட்டியில் பகலும் இரவும் சமமாகும் நாள். டிசம்பர் 25 சூரியன் திரும்பும் நாள். நிஜத்தில் 4ஆம் நூற்றாண்டுக்குள் அது சில நாள் முன்னுக்கு நகர்ந்துவிட்டது. நாங்கள் ஜனவரி 14இல் உத்தராயணம் என்று பொங்குவதைப் போல, வானம் நகர்ந்தும் திகதி நின்றுவிட்டது. அப்போ கணக்குக்குள்ளும் சூரியன் இருக்கிறான்.

என் தீர்ப்பு: நாள் பிறந்தது கணக்கில், பரவியதற்குச் சூரியன் உதவியிருக்கலாம். 5ஆம் நூற்றாண்டில் போப் லியோ ஒரு நத்தார் பிரசங்கத்தில், புனித பேதுரு ஆலயப் படியில் ஏறிய கிறிஸ்தவர்கள் உள்ளே போகமுன் திரும்பி நின்று உதிக்கும் சூரியனைக் கும்பிடுகிறார்கள் என்று கடிந்துகொள்கிறார். இதைச் சொன்னபோது மச்சானுக்கு வாயெல்லாம் பல். இந்த வருடம் வாட்ஸ்அப்பில் அதுவும் சேர்ந்து வரும்.