பார்கின்சனில் அடங்காத உந்துதல்: மாத்திரையைக் குறைப்பதா, காந்தத் தூண்டலா?

உடலை நடுங்கவும் இறுகவும் வைக்கும் நரம்பு நோயான பார்கின்சனுக்கு மருந்து எடுப்பவர் திடீரென்று சூதாட்டம், கண்டதை வாங்கிக் குவிப்பது என்று இறங்கினால், வீட்டார் அவர் குணத்தைத்தான் குறை சொல்வார்கள். தயவுசெய்து முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளை ஏற்கும் இடங்களை (ஏற்பிகளை) தூண்டுபவை. உடல் இறுக்கத்தைத் தளர்த்தும்போதே ஆசையையும் கிளறிவிடக்கூடும். 3,090 நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், இவ்வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு இந்தச் சிக்கல் இருந்தது, எடுக்காதவர்களில் 6.9 சதவீதம்.

மருந்தைக் குறைத்தால் பலருக்கு உந்துதல் அடங்குகிறது. ஆனால் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. பதற்றம், வியர்வை, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து வாட்டும், நடையும் மோசமாகலாம். நரம்பியல் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் முதல் வழி.

இன்னொரு வழியான காந்தத் தூண்டலில் தலைமேல் கம்பிச் சுருளை வைத்து, முன்மூளைக்குக் காந்தத் துடிப்புகளை அனுப்புகிறார்கள். மயக்க மருந்து வேண்டாம். டக்டக் சத்தத்துக்குக் காதடைப்பான் போதும். மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008லேயே அனுமதி கிடைத்தது. பார்கின்சன் உந்துதலுக்கோ இன்னும் சோதனைக் கட்டம்தான். அதை நம்பி மாத்திரையைக் குறைக்கும் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். வலிப்பு வந்திருந்தாலோ, தலைக்குள் உலோகமோ ஆழ்மூளைக் கருவியோ (மூளைக்குள் மின்தூண்டல் தரப் பொருத்துவது) இருந்தாலோ மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.