ஆர்டி 350-யும் சிடி 100-ம்: உப்புக் காற்றில் எது தாங்கும்?

சிக்கன வண்டி, ரேஸ் வண்டி இரண்டையும் ஒரே ஷெட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும். ஹீரோ ஹோண்டா சிடி 100, 1985-ல் வந்தது, 97.2 சிசி, நாலு கியர். ஆர்டி 350, யமஹா வடிவமைப்பில் எஸ்கார்ட்ஸ் 1983 முதல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் செய்தது. 347 சிசி, இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஹை டார்க் (HT) ரகத்தில் 30.5 குதிரைத்திறன், லோ டார்க் (LT) ரகத்தில் 27.

சிடி 100 பற்றி எழுத அதிகம் இல்லை. செயினை முழுசாக மூடிய கவர் இருப்பதால் குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக் காற்றிலும் செயின் சீக்கிரம் துருப்பிடிக்காது. தயவுசெய்து 'லுக்'குக்காக அந்தக் கவரைக் கழற்றாதீர்கள். டேப்பட் (வால்வைத் தள்ளும் பகுதி) இடைவெளி 0.05 மி.மீ., என்ஜின் நன்றாக ஆறிய பிறகு பார்க்க வேண்டும். ஆயிலைக் குறையவிட்டால் ஹெட்டில் கேம் ஷாஃப்ட் தேயும். லிட்டருக்கு 60 கி.மீ. கிடைத்தால் என்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது.

ஆர்டிக்கு 20-25 கிடைத்தாலே சந்தோஷம். ஆனால் அந்த வண்டியைக் கொல்வது பெட்ரோல் செலவல்ல, கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்டின் இரு முனையிலும் காற்றும் ஆயிலும் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்). மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் சீலின் ரப்பர் விறைத்துப்போகும். இடது சீல் போனால் ஆல்டர்னேட்டர் பக்கமிருந்து காற்றை இழுக்கும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கும். அந்த நிலையிலேயே நாலு வழிச்சாலையில் விரட்டினால் பிஸ்டன் சூடாகி சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். வலது சீல் போனால் கியர் ஆயிலை என்ஜின் உறிஞ்சும்: விடாத வெள்ளைப் புகை, வலது பிளக்கில் மட்டும் எண்ணெய், கியர் பாக்ஸில் அளவு குறைவு. இதைப் பார்த்துவிட்டு பிஸ்டன் ரிங் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

அடுத்து ஆட்டோலூப் பம்ப், அதாவது தனி டேங்கிலிருந்து என்ஜினுக்கு ஆயில் தரும் பம்ப். நம்பிக்கையில்லாமல் அதைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் லிட்டருக்கு 40 மி.லி. 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து ஓட்டுபவர்கள் நிறைய. பேச்சிப்பாறைப் பக்கத்து இறக்கங்களில் ஆக்ஸிலேட்டரை மூடி, என்ஜின் பிடிப்பிலேயே இறங்கும்போது பெட்ரோல் மிகக் குறைவாகவே போகும். அதில் கலந்த ஆயிலும் அப்படித்தான். பம்ப் இருந்தால் என்ஜின் சுற்றும்வரை கொஞ்சமாவது ஆயில் தரும். ஆயில் டேங்க் காலியாகி மறுபடி ஊற்றினால் பம்ப்பின் பிளீட் ஸ்குரூவைத் திறந்து, குமிழ் நின்று வெறும் ஆயில் வரும்வரை விட வேண்டும். பயத்தில் கூடுதலாக ஆயில் கலப்பதும் தப்பு. ஆயில் கூடக்கூட அதே ஜெட்டில் போகும் பெட்ரோல் குறைந்து கலவை லீன் (காற்று கூடி, பெட்ரோல் குறைந்தது) ஆகும்.

ஆர்டியில் ஸ்பார்க் தரும் பாயிண்ட் (தொடுமுனை) இரண்டு செட். இடைவெளி 0.30-0.40 மி.மீ.; ஸ்பார்க் டைமிங் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக, பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. முன்னால். டயல் கேஜ் இல்லாமல் கண்ணளவில் வைத்தால் ஒரு சிலிண்டர் மட்டும் சூடாகும். மார்த்தாண்டம் நெரிசலில் உருட்டி ஓட்டினால் பிளக் கரி பிடிக்கும். பி8எச்எஸ் பிளக் இரண்டு ஸ்பேர் எப்போதும் டூல் பாக்ஸில் இருக்கட்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். நம்மூர் இரண்டு பருவமழை, கடல்காற்று எல்லாம் சேர்ந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிந்து பைலட் ஜெட் அடைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறதென்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்துவிடுங்கள். இரண்டு வண்டிக்கும் இது பொருந்தும், ஆர்டிக்குக் கிண்ணம் இரண்டு.

தினசரி ஆபீசுக்கு சிடி 100 போதும். ஆர்டி வாங்குவதாக இருந்தால், பெயிண்டுக்கு முன் இரண்டு சீலுக்கும் பணம் ஒதுக்குங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்சியை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்சியில் உள்ளபடியே இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே டார்ச் அடித்துப் பாருங்கள்.