கை தாவ வேண்டுமா, இருந்த இடத்திலேயே கோர்ட் மாற வேண்டுமா?

திருகோணமலை உவர்மலையில் என்னிடம் பழக வரும் பிள்ளைகளில் பலரின் வீட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்ட்தான். கோர்ட் (chord) என்றால் சேர்த்து ஒன்றாக அழுத்தும் சுரங்கள். சி, எஃப், ஜி மேஜர் கோர்ட்களை அவர்களுக்கு இரண்டு விதமாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

ஒன்று, எல்லாமே மூல நிலையில், அதாவது கோர்ட்டின் பெயருக்குரிய சுரம் அடியில் இருக்கும்படி. இடது கையின் 5, 3, 1 விரல்கள் (சுண்டுவிரல், நடுவிரல், பெருவிரல்), ஒரு வெள்ளைக் கட்டை விட்டு அடுத்த கட்டை. அந்த ஒரே வடிவத்தை நகர்த்தினால் போதும். சின்னப் பிள்ளைக்கும் சட்டென்று பிடிபடும். ஆனால் பாட்டு ஓடும்போது கை தாவ, கண் தாளிலிருந்து கட்டைக்கு ஓட, தாளம் அங்கேயே அறுந்துவிடும்.

மற்றது, தலைகீழ் நிலைகள், அதாவது அதே கோர்ட்டின் வேறொரு சுரம் அடியில் வருவது. சி-ஈ-ஜி பிடித்த கை, சி-யை விடாமல் மற்ற இரண்டையும் ஒவ்வொரு கட்டை மேலே ஏற்றினால் சி-எஃப்-ஏ, அதுதான் எஃப் மேஜர். ஜி-யை விடாமல் மற்ற இரண்டையும் கீழே இறக்கினால் பி-டி-ஜி, ஜி மேஜர். கை இடம் மாறவே இல்லை, காதுக்கும் எவ்வளவு இதம்! விரல் மாற்றம்தான் முதலில் குழப்பும், எஃப்புக்கு 5, 2, 1 என்று வரும்.

நான் மூல நிலையை இரண்டு வாரம் மட்டும் வைத்திருப்பேன், கோர்ட்டின் பெயர் மனதில் பதிய. அப்புறம் நேரே தலைகீழ் நிலைதான், ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்கு வாசிக்க ஆசைப்படும் பிள்ளைக்குக் கட்டாயம் அதுதான்.