உம்ஷ்லாங்கா ரிட்ஜில் அலுவலகம் பிடித்துத் தரும் தரகுச் சேவை: ஒரு வாடகைதாரரின் மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே உம்ஷ்லாங்கா ரிட்ஜிலோ, அதை ஒட்டிய லா லூசியா ரிட்ஜிலோ அலுவலகம் எடுக்க எண்ணும் சிறு நிறுவனங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வெருலத்தில் இயங்கிவந்த எங்கள் கணக்காய்வு அலுவலகத்தை ரிட்ஜுக்கு மாற்ற முடிவு செய்தபோது, வணிக இடங்களை மட்டுமே கையாளும் ஒரு தரகு நிறுவனத்தை அணுகினோம். அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இந்தத் தொழில் இங்கே நடக்கும் முறையிலேயே இருப்பவை. இடம் தேடித் தருவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதும், ஒப்பந்தத்தை விளக்குவதில் அவர்களை நம்பியிருக்கக் கூடாது என்பதும் என் முடிவு.

முதலில் நிறைகள். எங்களுக்கு அமைந்த இளம் ஏஜென்டுக்குச் சந்தை கைரேகை போலத் தெரிந்திருந்தது. 2001இல் கேட்வே வணிக வளாகம் திறக்கப்பட்டபோது சுற்றிலும் பெரும்பாலும் கரும்புக் காடாகவே கிடந்த இந்த மேட்டுக்கு, டர்பன் நடுநகரின் ஸ்மித் தெருவிலும் வெஸ்ட் தெருவிலும் இருந்த வங்கிகளும் வழக்கறிஞர் அலுவலகங்களும் தணிக்கை நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெயர்ந்ததையும், 2010இல் கிங் ஷாக்கா விமான நிலையம் லா மெர்சியில் திறக்கப்பட்ட பிறகு வளர்ச்சி முழுவதும் வடக்கு நோக்கியே நகர்ந்ததையும், அவர் கட்டடம் கட்டடமாகக் காட்டி விளக்கினார். (எங்கள் முன்னோர் கரும்பு வெட்டிய மண்ணுக்கு இன்று சதுர மீட்டர் கணக்கில் வாடகை பேசுகிறோமே என்று என் மைத்துனர் சொன்னதற்கு, அவர் மரியாதையாகச் சிரித்துவிட்டு அடுத்த கட்டடத்துக்கு வண்டியைத் திருப்பினார்.) நடுநகரில் காலியான பழைய அலுவலகக் கட்டடங்கள் பல இன்று குடியிருப்பாகவும் மாணவர் விடுதியாகவும் மாறிவருகின்றன. ரிட்ஜிலோ, கொரோனாவுக்குப் பின் வீட்டிலிருந்தே வேலை என்ற வழக்கத்தால் வெறுமையான தளங்களில் சிலவற்றை வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சேவை செய்யும் கால் சென்டர்கள் நிரப்பியிருக்கின்றன. ஒரு தளத்தை மொத்தமாக எடுக்கும் அவர்களுக்கும், ஒரு மூலையை மட்டும் கேட்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரே கட்டடத்தில் வேறு வேறு விலை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கட்டடங்களைக் காட்டிய விதமும் பாராட்டத்தக்கது. கண்ணாடி முகப்பையும் வரவேற்பறையையும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், "அங்கிள், கீழே வாருங்கள், பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது" என்று அடித்தளத்துக்கே அழைத்துச் சென்றார். ஜெனரேட்டர் கட்டடம் முழுவதற்கும் மின்சாரம் தருமா, அல்லது லிஃப்டுக்கும் நடைபாதை விளக்குக்கும் மட்டுமா. தண்ணீர்த் தொட்டி எத்தனை மணி நேரத்துக்குத் தாங்கும். பம்ப் எந்த மின்இணைப்பில் ஓடுகிறது என்று பராமரிப்பு ஊழியரிடம் அவரே கேட்டார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, அந்த ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீரின்றித் தவித்ததைக் கண்டவர்களுக்கு இந்தக் கேள்விகளின் அருமை தெரியும். லோட் ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு பெருமளவு ஓய்ந்துவிட்டாலும், ஜெனரேட்டர் டீசல் செலவை வாடகைதாரர்களிடம் பங்கிட்டு வாங்கும் விதி பல ஒப்பந்தங்களில் அப்படியே இருக்கிறது. அதேபோல், 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கலவரச் சேதத்துக்கு ஈடு தரும் அரசு நிறுவனமான சாஸ்ரியாவின் காப்பீட்டுக் கட்டணம் யார் தலையில் விழுகிறது என்பதையும் ஒப்பந்தத்தில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி விலைக்கு வருவோம். சேவை சறுக்கத் தொடங்கியது இங்கேதான். ஏஜென்ட் கொடுத்த பட்டியலில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் எதிரே ஒரே ஓர் எண், அதாவது மாதத்துக்குச் சதுர மீட்டருக்கு இத்தனை ராண்ட் என்பது மட்டுமே இருந்தது. நாம் உண்மையில் கட்டப்போகும் தொகைக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள தூரம் பெரிது. கணக்குக்காக 100 சதுர மீட்டர் இடத்துக்கு 150 ராண்ட் வீதம் 15,000 ராண்ட் வாடகை என்று வைத்துக்கொள்வோம். கட்டடப் பராமரிப்புச் செலவு சதுர மீட்டருக்கு 40 ராண்ட் என்றால் 4,000, கார் நிறுத்தும் இடம் ஒன்றுக்கு 800 ராண்ட் வீதம் நான்குக்கு 3,200, ஆக 22,200. அதன்மேல் 15 விழுக்காடு வாட் சேர்ந்தால் 25,530 ராண்ட். வாட் பதிவு உள்ளவர்கள் அந்தப் பகுதியைத் திரும்பக் கோரலாம் என்றாலும், மாதந்தோறும் கையிலிருந்து முதலில் போவது இந்தத் தொகைதான். போதாக்குறைக்கு, அந்த 100 சதுர மீட்டர் முழுவதும் நமது மேசை நாற்காலிக்கு உரியதன்று; இங்கே வழக்கத்தில் உள்ள அளவீட்டு முறைப்படி வரவேற்பு முகப்பு, நடைபாதை, கழிப்பறை ஆகியவற்றில் நமது பங்கும் அதில் அடக்கம். நாங்களே அளவு நாடாவை எடுத்துச் சென்று அளந்து, வந்த எண்ணைச் சொல்லிக் கேட்ட பிறகே இது எங்களுக்கு விளக்கப்பட்டது.

ஆண்டு உயர்வு விழுக்காட்டையும் அவர்கள் ஒரு சிறு விவரமாகவே கடந்து சென்றார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 15,000 ராண்ட் வாடகை ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏறினால் ஐந்தாம் ஆண்டில் ஏறத்தாழ 20,400. 6 விழுக்காடு என்றால் 18,900 சொச்சம். மாதத்துக்கு ஏறக்குறைய 1,500 ராண்ட் வேறுபடும் ஒரு விஷயத்தைப் பேரம் பேச முடியும் என்று வாடகைதாரரின் பக்கம் நிற்பவர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் தரகர் யார் பக்கம்? எங்களிடம் ஒரு சென்ட்கூட வாங்கவில்லை என்பதை அந்த நிறுவனம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அது உண்மைதான். கமிஷனைக் கட்டட உரிமையாளர் கொடுக்கிறார், அதுவும் ஒப்பந்தத்தின் மொத்த வாடகை மதிப்பைப் பொறுத்துக் கொடுக்கிறார். வாடகை குறைந்தாலும் ஒப்பந்தக் காலம் சுருங்கினாலும் தரகரின் வருவாயும் குறையும். நாட்டின் அலுவலக இடங்களில் காலியாகக் கிடந்தவற்றின் விகிதம் 2022இல் 16 விழுக்காட்டைத் தாண்டியது; இப்படிக் காலியிடம் மிகுந்த சந்தையில் உரிமையாளர்கள் தொடக்க மாதங்களுக்கு வாடகை விலக்கும், தடுப்புச் சுவர், தரைவிரிப்பு போன்ற உள்வேலைகளுக்குப் பணமும் கொடுத்து ஆள் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. உம்ஷ்லாங்காவில் நிலைமை நடுநகரை விட எவ்வளவோ மேல் என்றாலும் இந்தச் சலுகைகள் இங்கேயும் உண்டு. எங்கள் ஏஜென்ட் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதே கட்டடத்தில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டு கேட்டோம், மறுநாளே கிடைத்தது. அவ்வளவு எளிதாகக் கிடைத்ததுதான் எனக்கு எரிச்சல்.

சட்டப் பக்கத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சொத்துத் தொழிலர் சட்டப்படி, தரகுத் தொழில் செய்வதற்கான உரிமமாகிய ஃபிடெலிட்டி நிதிச் சான்றிதழ் செல்லுபடியாகும் நிலையில் இல்லாத தரகர் கமிஷன் பெற முடியாது. நாங்கள் கேட்டதும் சான்றிதழை அனுப்பிவைத்தார்கள். கேட்டால் முகம் சுளிக்கும் தரகரிடமிருந்து விலகிவிடுவதே நல்லது. மாறாக, ஒப்பந்தத்தை இடையில் முறிப்பது பற்றி அவர்கள் சொன்னது பாதி உண்மை. 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம் என்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விதி, இரு தரப்பும் நிறுவனங்களாக இருந்தால் பொருந்தாது. கம்பெனி பெயரில் இடம் எடுப்பவர் ஐந்தாண்டுக்கும் கட்டுப்பட்டவர். அதற்கு மேல், இயக்குநர்கள் தம் சொந்தச் சொத்தைப் பிணையாக்கும் சூரிட்டிப் பத்திரம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. "எல்லாரும் போடுவதுதான்" என்று ஏஜென்ட் கையெழுத்துக்கு நீட்டினார். எங்கள் வழக்கறிஞர் அதை ஓராண்டு வாடகை அளவுக்குள் வரம்பிட வைத்தார். வழக்கறிஞருக்குக் கொடுத்த கட்டணம், தரகர் இலவசமாகச் செய்த அனைத்தையும் விட எங்களுக்கு அதிகம் மிச்சப்படுத்தியது.

ஃபீனிக்ஸ், வெருலம், சாட்ஸ்வொர்த் பக்கம் கடையோ அலுவலகமோ தேடுபவர்களுக்கு இந்த நிறுவனம் பயன்படாது. அங்கே கதவில் ஒட்டிய அட்டையும் தெரிந்தவர் வாய்மொழியும்தான் இன்னமும் வழி. ரிட்ஜில் தேடுபவர்கள் கட்டடங்களைப் பார்க்கவும் எந்த இடம் எப்போது காலியாகும் என்று அறியவும் இவர்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பட்டியல் கைக்கு வந்ததும் பராமரிப்புச் செலவு, கார் இடம், டீசல், சாஸ்ரியா, ஆண்டு உயர்வு, வாடகை விலக்கு ஆகிய எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். கையெழுத்தான பிறகு எங்கள் ஏஜென்டிடமிருந்து ஓர் அழைப்புகூட வரவில்லை. மின் மீட்டர் பக்கத்து நிறுவனத்தின் பெயரில் இருந்ததைச் சரிசெய்ய நாங்களே கட்டட மேலாளரிடம் போக வேண்டியிருந்தது.